கிரீடத்தைக் கழற்றிவிட்டுப் போன ராஜா

ஆபீஸில் மேனேஜர் மாறும் நாளைக் கவனித்திருக்கிறீர்களா?

பழையவர் மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம் சகிதம் ஆட்டோ ஏறி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அதுவரை அவருக்கு டிபன் பாக்ஸ் திறந்து கொடுத்துக்கொண்டிருந்த ஆசாமிகள், ‘‘அவரா? எனக்கு அவ்வளவாப் பழக்கம் கிடையாதுங்க...’’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

நானும் ஒருமுறை இதில் மாட்டினேன். ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த காலம். பழைய மேனேஜரின் ஆள் என்று என் முதுகில் நோட்டீஸ் ஒட்டாத குறை. புதியவர் ரூமுக்குக் கூப்பிட்டு, ‘‘நீங்க அவருக்கு ரொம்ப நெருக்கமாமே?’’ என்றார்.

‘‘சேச்சே, அதெல்லாம் இல்ல சார்!’’ என்றேன். மூன்று வருஷம் தினமும் அந்த மனுஷன் காசில் காபி குடித்தவன் நான். அதற்கப்புறம் இரண்டு நாள் காபியே இறங்கவில்லை.

இதே கேள்வி, சுமார் 2,050 வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜாவுக்கு வந்தது. கேட்டவர் உலகத்திலேயே பெரிய மேனேஜர். பதில் தப்பானால் போவது இன்க்ரிமெண்ட் அல்ல, தலை! அந்த ராஜா சொன்ன பதிலைப் படித்த பிறகு, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பெயர் ஏரோது. யூத ராஜா. ‘ஆ, அந்தப் பாவியா?’ என்கிறீர்களா? அவரேதான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு, ‘யாரங்கே, குழந்தைகளைக் கொல்லுங்கள்!’ என்று கத்துவாரே, அதே ஏரோது. அந்த சமாசாரத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆளைப் பார்ப்போம்.

கி.மு. 73 வாக்கில் பிறந்தவர். அப்பா அந்திப்பாத்தர், இதுமேயா என்ற தெற்குப் பகுதிக்காரர். அந்த ஜனங்களை யூத மதத்துக்கு மாற்றி இரண்டு தலைமுறைதான் ஆகியிருந்தது. அம்மாவோ நபத்தேய இனத்து அரபுப் பெண். ஆக, ஜெருசலேமின் பழைய குடும்பங்களின் கண்ணில் ஏரோது ‘நேற்று வந்த யூதர்.’ ‘அரை யூதன்’ என்று முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறார்கள். சாகும்வரை இந்த முள் அவர் காலில் இருந்து போகவில்லை.

அப்பா ஒரு விஷயத்தைச் சொல்லாமலே சொல்லிக்கொடுத்திருந்தார். ரோம் ஜெயித்துக்கொண்டே இருக்கும். ரோமில் யார் ஜெயிப்பார் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். எனவே, ஆளைப் பிடிக்காதே, நாற்காலியைப் பிடி!

ஜூலியஸ் சீஸருக்கு எகிப்துச் சண்டையில் அப்பா உதவி செய்ய, கி.மு. 47-ல் மகனுக்குக் கலிலேயா மாகாணத்தின் கவர்னர் வேலை கிடைத்தது. அப்போது வயது 25-ஐத் தொட்டிருக்கும். மூன்று வருஷம் கழித்து சீஸரைக் குத்திக் கொன்றார்கள். குத்தியவர்களில் ஒருவரான காஸியஸ், சேனையோடு சிரியாவுக்கு வந்து, ‘யூதேயா முழுக்க 700 தாலந்து வசூலித்துக் கொடு’ என்றார்.

இங்கே என் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. ஒரு தாலந்து என்பது 6,000 திராக்மா. ஒரு திராக்மா, ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக 700 தாலந்து என்றால் 42 லட்சம் நாள் கூலி! மற்ற அதிகாரிகள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, கலிலேயாவின் பங்கான 100 தாலந்தை முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கட்டினார் ஏரோது. கட்டமுடியாத நான்கு ஊர்களின் ஜனங்களை காஸியஸ் அடிமைகளாக விற்றார். முதல் ஆளாகக் கட்டியவரோ நல்ல பெயர் வாங்கினார். அந்த 100 தாலந்தை யார் வீட்டுப் பானையிலிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

காஸியஸ் காலி. அடுத்து மார்க் ஆண்டனி. ஏரோது பணமூட்டையோடு அங்கே ஆஜர். அவர் மேல் புகார் சொல்லப்போன யூதப் பிரமுகர்கள் வாயடைத்துத் திரும்பினார்கள்.

கி.மு. 40-ல் நிஜமான சோதனை. கிழக்கே இருந்து பார்த்தியர்கள் படையெடுத்து வந்து, பழைய ராஜ வம்சத்தைச் சேர்ந்த ஆன்ட்டிகோனஸைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார்கள். ஏரோதுவின் அண்ணன் ஃபசாயேல் சிறையில் பாறையில் தலையை மோதிச் செத்தார். பெரியவர் ஹிர்கானஸ் அப்போது தலைமை குரு. அங்கஹீனம் உள்ளவர் குருவாக முடியாது என்பது விதி. அதனால் அவர் காதுகளை வெட்டிவிட்டார்கள். உயிரை விட்டுவைத்து வேலையை மட்டும் பறிக்க இப்படி ஒரு டெக்னிக்!

ஏரோது ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தைக் கிளப்பி, சாக்கடல் ஓரத்து மசாடா மலைக் கோட்டையில் விட்டுவிட்டு ஓடினார். அம்மாவின் நாடான பெட்ராவில், ‘இங்கே வராதே’ என்றார்கள். எகிப்துக்குப் போனார். க்ளியோபாட்ரா வரவேற்றுத் தங்கச் சொன்னாள். தங்கவில்லை. குளிர்காலத்தில், எவனும் கப்பல் ஏறாத பருவத்தில் ஏறி, புயலில் சாமானையெல்லாம் கடலில் வீசிவிட்டு, ரோட்ஸ் தீவில் கரை ஒதுங்கி, வேறு கப்பல் கட்டி, ஒருவழியாக ரோம் போய்ச் சேர்ந்தார்.

போனவர் ஏதோ ஒத்தாசை கேட்கத்தான் போனார். கிடைத்தது ராஜ பட்டம்! ஆண்டனியும், சீஸரின் வாரிசான இளைஞர் ஆக்டேவியனும் சிபாரிசு செய்ய, செனட் சபை அவரை யூதேயாவின் ராஜா என்று அறிவித்தது. சபை முடிந்ததும் ஆண்டனி ஒரு பக்கம், ஆக்டேவியன் ஒரு பக்கம், நடுவில் ஏரோது என்று வெளியே வந்தார்கள். அந்த இருவரும் பின்னால் ஒருவரோடொருவர் மோதப்போகிறார்கள். நடுவில் நின்றவர் அந்த மோதலுக்குப் பின்னாலும் ராஜாவாக இருக்கப்போகிறார்.

அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர் கையில் இருந்தது. ஆனால் ஆபீஸ் எதிரி கையில்! மூன்று வருஷம் சண்டை போட்டு, கி.மு. 37-ல் ரோமானியப் படையோடு ஜெருசலேமைப் பிடித்தார். பிடித்ததும் ரோமானிய சிப்பாய்கள் கொள்ளையில் இறங்க, ‘ஊரைக் காலி பண்ணிவிட்டு என்னை எதற்கு ராஜாவாக்குகிறீர்கள்?’ என்று சண்டை போட்டு, ஆளாளுக்குத் தன் கஜானாவிலிருந்து காசு கொடுத்து அனுப்பிவைத்தார். அதைப் படித்தபோது கைதட்டத் தோன்றியது.

அந்த முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே, நடுவில் போய் ஒரு கல்யாணமும் செய்துகொண்டு வந்தார். பெண், மரியம்னே. பழைய ராஜ வம்சத்துப் பெண், பெரியவர் ஹிர்கானஸின் பேத்தி. பேரழகி. அரசியல் கணக்குப்படி, ‘அரை யூதன்’ என்ற பேச்சை அடைக்க இதைவிட நல்ல சம்பந்தம் கிடையாது. சிக்கல் என்னவென்றால், கணக்குப் பார்த்துக் கட்டிக்கொண்டவளை ஆள் நிஜமாகவே காதலிக்க ஆரம்பித்துவிட்டார்.

மரியம்னேவுக்கு ஒரு தம்பி, பெயர் அரிஸ்தோபுலஸ். 17 வயசு. வம்ச உரிமைப்படி தலைமை குருவாக்க வேண்டியதாயிற்று. பண்டிகையில் அந்தப் பையன் அங்கி உடுத்தி வந்து நின்றபோது ஜனங்கள் கண்ணீர்விட்டு ஆரவாரம் செய்தார்கள். ஏரோது அந்த ஆரவாரத்தைக் கேட்டார். கொஞ்ச நாளில் ஜெரிகோ அரண்மனைக் குளத்தில், இருட்டும் நேரத்தில், விளையாட்டாக முக்குவது போல முக்கி, பையனை எழவிடாமல் செய்துவிட்டார்கள். கி.மு. 35. ராஜா பிரமாதமாக அழுதார். செலவு பார்க்காத சவ அடக்கம். மாமியார் அலெக்ஸாண்ட்ரா மட்டும் நம்பவில்லை. க்ளியோபாட்ராவுக்குக் கடிதம் எழுதினாள்.

க்ளியோபாட்ராவுக்கு ஏரோதுவைப் பிடிக்காது. அவர் நிலம் மட்டும் பிடிக்கும். ஜெரிகோ பக்கத்துப் பேரீச்சந்தோப்பும், வாசனைப் பிசின் தரும் பால்சம் தோட்டமும் அந்தக் காலத்துத் தங்கச் சுரங்கம். ஆண்டனியிடம் கொஞ்சி அதை வாங்கிக்கொண்டாள். ஏரோது என்ன செய்தார்? தன் தோட்டத்தைத் தானே அவளிடம் வருஷத்துக்கு 200 தாலந்துக்குக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்! பின்னாளில், ராஜ்யம் இன்னும் பெரிதான பிறகு, மகன்கள் பாகம் பிரித்தபோது வந்த மொத்த வருமானமே 900 தாலந்து சொச்சம்தான். அதை வைத்துப் பார்த்தால், இது சாதாரணக் குத்தகை இல்லை. அவள் ஆட்கள் தன் நாட்டுக்குள் காலடி வைக்காமல் இருக்கக் கொடுத்த விலை.

இப்போது அந்த ரோட்ஸ் தீவுக் காட்சி.

கி.மு. 31. ஆக்டியம் கடல் போரில் ஆண்டனி, க்ளியோபாட்ரா கூட்டணியை ஆக்டேவியன் நொறுக்கிவிட்டார். ஏரோது அந்தப் போரில் இல்லை. க்ளியோபாட்ராவின் சூழ்ச்சியால் அரபுகளோடு சண்டை போட அனுப்பப்பட்டிருந்தார். (அவள் செய்த ஒரே உபகாரம்!) ஆனாலும் அவர் ஆண்டனியின் ஆள் என்பது பூனைக்கும் தெரியும். தானியம் அனுப்பியவர், பணம் அனுப்பியவர். மறுவருஷம் வசந்தத்தில் ஆக்டேவியனைப் பார்க்க ரோட்ஸுக்குக் கிளம்பினார்.

கிளம்புமுன் இரண்டு வேலை செய்தார். காது இழந்த கிழவர் ஹிர்கானஸைத் தீர்த்துக்கட்டினார். தன் இடத்தில் உட்காரவைக்க வேறு ஆள் இருக்கக்கூடாது அல்லவா? அடுத்து, மரியம்னேயையும் அவள் தாயையும் ஒரு கோட்டையில் வைத்து, காவலனிடம் காதோடு ஓர் உத்தரவு. ‘நான் திரும்பாவிட்டால் இருவரையும் கொன்றுவிடு.’

ஆக்டேவியன் முன்னால் போய் நின்றபோது தலையில் கிரீடம் இல்லை. வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு, சாதாரண மனுஷனாகப் போனார். ‘எனக்கும் அவருக்கும் அவ்வளவாப் பழக்கம் இல்லை’ என்று சொன்னாரா? அதுதான் இல்லை. ஆண்டனியால்தான் ராஜா ஆனேன். பணம் கொடுத்தேன், தானியம் கொடுத்தேன். அரபுச் சண்டை மட்டும் இல்லாவிட்டால் படையோடு வந்து உங்களை எதிர்த்தும் நின்றிருப்பேன். தோற்ற பிறகும் அவரைக் கைவிடவில்லை. க்ளியோபாட்ராவை ஒழித்துவிட்டு மறுபடி எழுந்து நில் என்று யோசனை சொன்னேன், கேட்கவில்லை. அவரோடு நானும் தோற்றேன். இனி நான் யாருடைய நண்பன் என்று பார்க்காதீர்கள், எப்படிப்பட்ட நண்பன் என்று பாருங்கள்! இதுதான் பேச்சின் சாரம்.

ஆக்டேவியன் எழுந்து வந்து கிரீடத்தை எடுத்து மறுபடி தலையில் வைத்தார். பிறகு அவர் எகிப்து போகும் வழியில் ஏரோது விருந்து வைத்து, படைக்குப் பாலைவனத்தில் தண்ணீரும் ஒயினும் சப்ளை செய்து, 800 தாலந்து அன்பளிப்பும் கொடுத்தார். க்ளியோபாட்ரா செத்ததும் ஜெரிகோ தோட்டம் திரும்பி வந்தது. கூடவே சில கடற்கரை ஊர்கள். அவளுக்கு மெய்க்காவலர்களாக இருந்த 400 கால் இனத்து வீரர்கள் போனஸ்!

காபி இறங்காமல் உட்கார்ந்திருந்தவனுக்கு இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும், யோசியுங்கள். கன்னத்தில் விட்ட மாதிரி இருந்தது.

ஆனால், கதை அங்கே நிற்கவில்லையே! உலகத்தையே ஜெயித்தவன் முன்னால் உண்மையைச் சொல்லத் துணிந்தவர், வெற்றியோடு வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் முதலில் செய்தி சொல்ல ஓடினார். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. காவலன் அந்த ரகசிய உத்தரவை உளறியிருந்தான். தாத்தாவைக் கொன்றவர், தம்பியைக் கொன்றவர், தன்னையும் கொல்லச் சொல்லிவிட்டுப் போனவர் வந்து, ‘எல்லாம் நல்லபடி முடிந்தது’ என்று கட்டிக்கொண்டால் யாருக்குச் சிரிப்பு வரும்? ஏரோதுவின் தங்கை சலோமேவுக்கு அண்ணியை ஆகாது. மருந்து வைக்கப் பார்த்தாள் என்று ஒரு பணியாளை வைத்துப் புகார் சொல்லவைத்தாள். விசாரணை, மரண தண்டனை. கி.மு. 29. தன் உயிர் பிழைக்க, பெற்ற தாயே ஊரார் முன்னால் மகளைத் திட்டிக் கூச்சல் போட்டாள். மரியம்னே ஒரு வார்த்தை பேசாமல், முகம் மாறாமல் நடந்து போனாள்.

அதற்குப் பிறகு ஏரோது பைத்தியம் பிடித்தவர் போல ஆனார். அரண்மனையில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ‘ராணியை வரச்சொல்’ என்று வேலைக்காரர்களை அனுப்புவார். அவர்கள் எங்கே போவார்கள், பாவம்!

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? ஜோசஃபஸ் என்ற யூத சரித்திர ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். ஏரோது செத்து சுமார் 40 வருஷம் கழித்துப் பிறந்தவர். ஏரோதுவின் அந்தரங்கச் செயலாளராக இருந்த டமாஸ்கஸ் நிக்கோலஸ் எழுதியதைப் பார்த்து நிறைய எடுத்துக்கொண்டவர். ஜோசஃபஸே ரோமை எதிர்த்த யூதத் தளபதியாக இருந்து, பிடிபட்டதும் ரோம் பக்கம் போனவர். மேனேஜர் மாறின கதையை அதே அனுபவம் உள்ளவர்தான் எழுதியிருக்கிறார்!

சரி, கட்டடங்களுக்கு வருவோம். மனிதர்களை வைத்து வாழத் தெரியாதவருக்குக் கல் அப்படி வசப்பட்டது.

துறைமுகமே இல்லாத மணல் கரை ஒன்று. அங்கே கி.மு. 22 வாக்கில் ஆரம்பித்து, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் செசரியா என்று ஒரு நகரமே எழுப்பினார். பெயர் வைத்தது சீஸருக்காக. (முதலாளி பெயர் வைப்பதில் கஞ்சத்தனமே கிடையாது.) திறந்த கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டவேண்டும். என்ன செய்வது? இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து எரிமலைச் சாம்பலைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். அதைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகும். மரப்பெட்டிகளைக் கடலில் மிதக்கவிட்டு, இந்தக் கான்க்ரீட்டைக் கொட்டி, அப்படியே அடியில் அமர்த்தினார்கள். அந்த பிளாக்குகள் இன்றைக்கும் கடலுக்கடியில் கிடக்கின்றன.

கி.மு. 25 வாக்கில் கடும் பஞ்சம். கஜானா காலி. அரண்மனையிலிருந்த தங்க, வெள்ளிச் சாமான்களை, வேலைப்பாடு என்றுகூடப் பார்க்காமல் உருக்கி, எகிப்தின் ரோமானிய கவர்னரிடம் தானியம் வாங்கினார். சமைக்க முடியாத கிழவர்களுக்கு ரொட்டியாகவே சுட்டுக் கொடுக்க ஆள் போட்டார். ஆடுகள் செத்துவிட்டதால் கம்பளி இல்லை என்று குளிருக்குத் துணி கொடுத்தார். அடுத்த விதைப்புக்கு விதை கொடுத்தார். கி.மு. 20-ல் வரியில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி! இதைச் செய்தவரும், குளத்தில் பையனை முக்கச் சொன்னவரும் ஒரே ஆள் என்பதுதான் எனக்கு எந்தக் கணக்கிலும் டேலி ஆகவில்லை.

பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த ஒலிம்பிக் போட்டிக்கும் நிரந்தர வருமானம் எழுதிவைத்தார், தெரியுமோ? கிரேக்கர்கள் நன்றியோடு அவரைப் போட்டியின் தலைவராக்கினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், ஜெருசலேம் ஆலயம். பழைய ஆலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறேன் என்றபோது ஜனங்கள் நம்பவில்லை. ‘இடித்துவிட்டுப் பணம் இல்லை என்று கைவிரித்தால்?’ நியாயமான கவலை. வீட்டைப் பாதி கட்டி, கம்பி நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஏரோது சொன்னார். ‘கடைசிக் கல் வரை எல்லா சாமானும் வந்து இறங்கும் வரை ஒரு செங்கலைக்கூடத் தொடமாட்டேன்.’ சொன்னபடியே 1,000 வண்டிகள், 10,000 வேலையாட்கள். உள் ஆலயத்துக்குள் குருமார்கள் தவிர யாரும் நுழையக்கூடாதே? 1,000 குருமார்களுக்குக் கொத்தனார் வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்து அவர்களைக்கொண்டே கட்டவைத்தார்!

உள் ஆலயம் ஒன்றரை வருஷத்தில் முடிந்தது. சுற்று வேலை மட்டும் 80 வருஷம் இழுத்தது. கி.பி. 60-களில் ஒருவழியாக முடிந்தபோது 18,000 பேருக்கு வேலை போகும் நிலைமை. அவர்களுக்குச் சோறு போட, தெருக்களுக்கெல்லாம் வெள்ளைக் கல் பாவச் சொன்னார் அப்போதிருந்த ஏரோது வம்சத்து அகிரிப்பா. முடிந்து சில வருஷம்கூட ஆகவில்லை. கி.பி. 70-ல் ரோமானியத் தளபதி டைட்டஸ் ஆலயத்தைத் தரைமட்டமாக்கினார்.

மிஞ்சியது ஆலய மேடையைத் தாங்கிய சுற்றுச்சுவர். அதில் மேற்குப் பக்கத்து ஒரு துண்டுதான் யூதர்கள் இன்று கண்ணீரோடு முகம் பதித்துப் பிரார்த்திக்கும் மேற்குச் சுவர். சுரங்கப் பாதையில் போய்ப் பார்த்தால் ஒரே கல் 13 மீட்டருக்கு மேல் நீளம். ‘அரை யூதன்’ கட்டிய சுவர்! இதில் 2011-ல் ஒரு வேடிக்கை. சுவரின் ஒரு பகுதிக்கு அடியில் தோண்டியபோது கி.பி. 17 வாக்கில் அச்சடித்த காசு கிடைத்தது. அப்படியானால் அந்தப் பகுதியை எழுப்பும்போது ஏரோது செத்து இருபது வருஷம் தாண்டியிருக்கிறது! ஆடிட்டர்கள் சொல்வது சரிதான், கல்வெட்டைவிட சில்லறைக் காசை நம்பலாம்.

கடைசிக் காலம் பார்க்கச் சகிக்காது. மொத்தம் பத்து மனைவிகள், எக்கச்சக்கமான பிள்ளைகள், மாற்றி மாற்றி எழுதிய உயில்கள். மரியம்னேவுக்குப் பிறந்த இரண்டு மகன்கள் ரோமில் படித்து, அம்மாவின் ஜாடையோடு வந்தார்கள். அரண்மனையில் வத்தி வைக்க ஆளுக்கா பஞ்சம்? கி.மு. 7-ல் இருவரையும் கழுத்தை நெரித்துக் கொல்லவைத்தார். ‘ஏரோதுவுக்கு மகனாக இருப்பதைவிடப் பன்றியாக இருப்பது மேல்’ என்று அகஸ்டஸ் (அதே ஆக்டேவியன்தான், பட்டம் மாறிவிட்டது) ஜோக்கடித்ததாக ரொம்பப் பின்னால் ஒருவர் எழுதிவைத்தார். யூதர்கள் பன்றி சாப்பிடமாட்டார்கள். பன்றிக்குப் பயமில்லை!

கி.மு. 4. ஜெரிகோ அரண்மனையில் வலியால் துடித்துக்கொண்டிருந்தார். உரிக்க ஓர் ஆப்பிளும் கத்தியும் கேட்டார். கொடுத்ததும் கத்தியைத் தன்மேலேயே ஓங்க, பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துவிட்டார். அரண்மனையில் அழுகைச் சத்தம். சிறையிலிருந்த மூத்த மகனுக்கு அது கேட்டது. ‘கிழவர் போய்விட்டார்’ என்று நினைத்து, ‘என்னை வெளியே விடு, அள்ளித் தருகிறேன்’ என்று காவலனிடம் பேரம் பேசினான். காவலன் நேரே ராஜாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். எழுந்திருக்கக்கூட முடியாத கிழவர் அந்தக் கணமே மகனைக் கொல்ல உத்தரவு போட்டார். ஐந்து நாள் கழித்து அவரும் போனார். தன் சாவுக்கு யாரும் அழமாட்டார்கள் என்று தெரிந்து, ஊர்ப் பெரிய மனிதர்களை மைதானத்தில் அடைத்து, தான் செத்ததும் அவர்களைக் கொல்லச் சொல்லியிருந்தாராம், வீட்டுக்கு வீடு அழுகை கேட்கட்டும் என்று. சலோமே அவர்களைத் திறந்துவிட்டாள். வாழ்நாளில் அவள் செய்த நல்ல காரியம் என்று எனக்குத் தட்டுப்பட்டது இது ஒன்றுதான்.

பெத்லகேம் குழந்தைகள்? மத்தேயு சுவிசேஷத்தில் மட்டும் வருகிறது. ஏரோதுவின் கொலைகளை ஒன்றுவிடாமல் எழுதிய ஜோசஃபஸ் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சரித்திரக்காரர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். ‘செய்யக்கூடியவர்தான்’ என்பதில் மட்டும் சண்டை இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. இயேசு பிறந்தது ஏரோதுவின் காலத்தில். ஏரோது செத்ததோ கி.மு. 4-ல். அப்படியானால் கிறிஸ்து பிறந்ததே கிறிஸ்துவுக்கு முன்னால்! ஆறாம் நூற்றாண்டில் ஆண்டுக் கணக்குப் போட்ட டயோனிஸியஸ் என்ற துறவி சில வருஷம் சறுக்கிவிட்டார். அந்த என்ட்ரியை இனிமேல் யார் திருத்துவது? அப்படியே விட்டுவிட்டோம்.

புதைக்க அவரே ஓர் இடம் கட்டிவைத்திருந்தார். பெத்லகேமுக்குப் பக்கத்தில், மண்ணைக் கொட்டிக் கூம்பாக உயர்த்திய ஹெரோடியம் குன்று. அங்கே கல்லறையை 1972 முதல் தேடினார் ஏஹுத் நெட்சர் என்ற தொல்லியல் நிபுணர். 35 வருஷம் கழித்து, 2007-ல், குன்றின் சரிவில் செந்நிறக் கல்லில் அழகான பூ வேலைப்பாடு கொண்ட சவப்பெட்டி கிடைத்தது. நூற்றுக்கணக்கான சுக்கலாக! யாரோ சுத்தியலால் ஆத்திரம் தீர அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். ரோமை எதிர்த்த யூதக் கலகக்காரர்களாக இருக்கலாம் என்கிறார்கள். இது அவர் கல்லறைதானா என்று சில நிபுணர்கள் இன்னும் இழுக்கிறார்கள். நெட்சர் 2010-ல் அதே குன்றில் தவறி விழுந்து இறந்தார்.

குடும்பத்தை ஒளித்துவைத்தாரே, அந்த மசாடாவில் 1960-களில் தோண்டியபோது பழைய பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. ஒன்றை 2005-ல் மண்ணில் ஊன்றினார்கள். முளைத்துவிட்டது! சுமார் இரண்டாயிரம் வருஷத்துக் கொட்டை. வளர்ந்தது ஆண் மரம். அதே வட்டாரத்தில் கிடைத்த வேறொரு பழைய கொட்டையிலிருந்து வந்த பெண் மரத்தோடு சேர்த்து, 2020-ல் பழமே பறித்துச் சாப்பிட்டார்கள். ஜெரிகோ தோப்புக்கு ஏரோது ஏன் 200 தாலந்து கொடுத்தார் என்று அவர்களுக்கு நாக்கில் தெரிந்திருக்கும்.

ஜெருசலேமில் தன் அரண்மனையை ஒட்டி அவர் மூன்று கோபுரங்கள் கட்டினார். ஒன்றுக்கு நண்பன் ஹிப்பிகஸ் பெயர். ஒன்றுக்கு, பாறையில் மோதிச் செத்த அண்ணன் ஃபசாயேல் பெயர். மூன்றாவதுதான் மூன்றிலும் சின்னது, ஆனால் உள்ளே அலங்காரம் அதிகம். அதற்கு மரியம்னே என்று பெயர். ஊரையே இடித்த டைட்டஸ்கூட இந்த மூன்றையும் விட்டுவைத்தார். இன்றைக்கு ஒரே ஒரு கோபுரத்தின் அடிப்பாகம் மட்டும் நிற்கிறது. அது அண்ணனுடையது என்றும், இல்லை நண்பனுடையது என்றும் இரண்டு கட்சி. ஜனங்களோ அந்த இடத்தை ‘தாவீதின் கோபுரம்’ என்கிறார்கள். தாவீது ராஜாவுக்கும் அந்தக் கல்லுக்கும் சுமார் ஆயிரம் வருஷ தூரம். சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மரியம்னேயின் கோபுரத்தில் ஒரு கல்கூட மிச்சமில்லை.